சீன வண்டியா, ஜப்பான் வண்டியா: கருங்கல் தம்பிக்கு ஒரு பதில்

கருங்கல் பகுதியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2020-இல் பதிவாகி 21,000 கிலோமீட்டர் ஓடிய பெனெல்லி இம்பீரியாலே 400 ஒன்று அவருக்கு 95,000 ரூபாய்க்கு வருகிறது. அதைவிட ஒரு வயது இளைய ஹோண்டா ஹைனஸ் சிபி 350-க்கு 1,45,000 ரூபாய் கேட்கிறார்கள். தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய் வர வேண்டியவர்; வீட்டில் வேறு வண்டி இல்லை. "சீனா சாமான் வேண்டவே வேண்டாம்" என்று தாய்மாமா ஒரே பிடியாக நிற்கிறார். 50,000 ரூபாய் மிச்சமாகிறதே என்று இவருக்கு மனம் இழுக்கிறது. எதை வாங்குவது?

தக்கலைக்குப் பக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமா சொல்லும் முடிவு சரி. அதற்கு அவர் சொல்லும் காரணம் சரியில்லை. இன்றைய நல்ல சீன வண்டியின் இன்ஜினை நம்பலாம். நம்ப முடியாதவை அந்த இன்ஜினைச் சுற்றியிருக்கும் ரப்பர், வயர், போல்ட் போன்ற சிறு பொருட்களும், அவை கெட்டுப்போனால் மாற்றுப் பொருள் வந்து சேரும் காலமும்தான். கடலோர மாவட்டத்தில் வசிக்கும் நமக்கு இந்த இரண்டும் மற்றவர்களைவிட அதிகமாக வலிக்கும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பெனெல்லி 1911-இல் இத்தாலியின் பெசாரோ நகரத்தில் தொடங்கிய நிறுவனம். 2005-இல் சீனாவின் செஜியாங் மாகாணத்தைச் சேர்ந்த சியான்ஜியாங் குழுமம் அதை வாங்கியது. டேங்கில் இத்தாலியப் பெயர் இருந்தாலும் வண்டி வருவது அந்தக் குழுமத்தின் கையிலிருந்துதான். 2022-இல் இந்தியாவுக்கு வந்த கீவே, கியூஜே மோட்டார் வண்டிகளும் அதே குடும்பம். இவை பாகங்களாகக் கப்பலில் வந்து ஹைதராபாத் பக்கம் பூட்டப்பட்டு விற்பனைக்கு வந்தவை. ஆனால் நாம் "ஜப்பான் வண்டி" என்று சொல்வது பெரும்பாலும் ஜப்பானைப் பார்த்ததே இல்லை. ஹோண்டாவுக்கு ஹரியானாவின் மானேசர், ராஜஸ்தானின் தபுகாரா, கர்நாடகத்தின் நரசாபுரா, குஜராத்தின் விட்டலாபூர் ஆகிய இடங்களில் ஆலைகள் இருக்கின்றன. யமஹாவுக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்து வல்லம் வடகாலிலேயே ஆலை இருக்கிறது. அவற்றுக்கு கேபிள், ரப்பர், பிரேக் ஷூ கொடுப்பவர்களில் பெரும்பாலோர் இந்திய உற்பத்தியாளர்கள். ஆகவே உங்கள் முன்னால் இருப்பது சீனாவுக்கும் ஜப்பானுக்கும் இடையிலான போட்டி என்று நினைக்காதீர்கள். இங்கேயே வேர்விட்ட வண்டியா, கப்பலில் வந்து பூட்டப்பட்ட வண்டியா என்பதுதான் கேள்வி.

சீன வண்டிக்குக் கெட்ட பெயர் வந்தது காரணமில்லாமல் அல்ல. 1970-களின் நடுவில் ஹோண்டா சிஜி 125 என்றொரு வண்டியைக் கொண்டுவந்தது. வளரும் நாடுகளில் ஆயிலைக்கூட நேரத்துக்கு மாற்றமாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, வால்வைத் திறக்க டைமிங் செயினே இல்லாமல், புஷ்ராடு என்ற தள்ளுகம்பி வைத்துச் செய்த எளிய இன்ஜின் அது. பிற்காலத்தில் சீனாவின் நூற்றுக்கணக்கான பட்டறைகளும் ஆலைகளும் அந்த இன்ஜினைப் பார்த்து அப்படியே வார்த்துத் தள்ளின. ஒருவர் சிலிண்டர் செய்வார், இன்னொருவர் கிராங்க் செய்வார், மூன்றாமவர் எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டி ஒரு பெயரை ஒட்டி விற்பார். ஒரு பாகத்தின் அளவை வெர்னியர் என்ற அளவுகோல் வைத்து எடுத்துவிடலாம். அந்த எஃகில் என்ன கலந்திருக்கிறது, எந்தச் சூட்டில் பதப்படுத்தினார்கள், மேல்தோல் எவ்வளவு ஆழத்துக்கு இறுகியிருக்கிறது என்பதை வெர்னியர் சொல்லாது. கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கேம்ஷாஃப்டில் ஒன்று ஒரு லட்சம் கிலோமீட்டர் தாங்கும். மற்றொன்றில் வால்வைத் தள்ளும் மூக்கு பத்தாயிரத்திலேயே மழுங்கிவிடும்.

இதன் விளைவை வியட்நாம் கண்டது. 2000-ஆம் ஆண்டையொட்டி, ஹோண்டாவின் விலையில் பாதிக்கும் குறைவாக சீன வண்டிகள் அங்கே வெள்ளமாகப் புகுந்து சந்தையின் பெரும்பகுதியைப் பிடித்தன. ஹோண்டா 2002-இல் வேவ் ஆல்ஃபா என்ற விலை குறைந்த வண்டியை இறக்கியது. அதற்குத் தேவையான சில பாகங்களைச் சீனப் பாக உற்பத்தியாளர்களிடமிருந்தே வாங்கி, சோதித்து, பயன்படுத்தியது. அதற்குள் சீன வண்டி வாங்கியவர்களும் அதன் ஆயுளைப் பார்த்துவிட்டார்கள். மக்கள் சில ஆண்டுகளிலேயே ஹோண்டாவுக்குத் திரும்பினார்கள். அதே சீனத் தொழிற்கூடங்களின் பாகத்தைத் தரக் கண்காணிப்போடு வாங்கினால் அது ஹோண்டா வண்டியில் உழைக்கிறது என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி. குறை அந்த நாட்டின் கையில் இல்லை. யார் சோதிக்கிறார்கள், எதைக் கழித்துப் போடுகிறார்கள் என்பதில்தான் இருந்தது.

நம் ஊரில் இதை மோட்டார் சைக்கிளுக்கு முன்பே ரப்பர் தோட்டக்காரர்கள் அறிவார்கள். குலசேகரம், திருவட்டாறு பக்கம் காடு வெட்டும் இயந்திரம் இல்லாத தோட்டம் இன்று குறைவு. ஹோண்டாவின் 35 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினை அச்சு அசலாகப் பார்த்துச் செய்த சீன இயந்திரம் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை சொந்தத் தோட்டத்தில் மட்டும் வெட்டுகிறவருக்கு அது தாராளமாகப் போதும். தினக்கூலிக்கு நாள் முழுவதும் வெட்டுகிறவர் அதை வாங்கினால், இரண்டாம் பருவத்தில் கார்புரேட்டரையும் ஸ்டார்ட்டர் கயிற்றையும் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நிற்பார். கடலோரத்தில் அவுட்போர்டு மோட்டார் வாங்கும் வள்ளக்காரர்கள் யமஹா, சுசூகி என்று பெயர் சொல்லிக் கேட்பதும் இதனால்தான். நடுக்கடலில் நின்றுபோனால் தள்ளிக்கொண்டு வர முடியாதல்லவா.

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கணக்கை இன்றைய சீனப் பெரிய ஆலைகளின் மேல் அப்படியே போடுவது நியாயம் இல்லை. பி.எம்.டபிள்யூ. தன் எஃப் 750 ஜி.எஸ்., எஃப் 850 ஜி.எஸ். வண்டிகளின் இரட்டை சிலிண்டர் இன்ஜினைச் சீனாவின் லான்சின் ஆலையில்தான் செய்வித்தது. கே.டி.எம். நிறுவனம் சி.எஃப்.மோட்டோவோடு கூட்டு வைத்துக்கொண்டு 790 டியூக் வண்டியின் தயாரிப்பையே அங்கே மாற்றியது. பெனெல்லியின் டி.ஆர்.கே. 502 இத்தாலியிலேயே 2020, 2021 ஆண்டுகளில் அதிகம் விற்ற மோட்டார் சைக்கிள். டுகாட்டியும் மோட்டோ குட்சியும் பிறந்த மண்ணில், வண்டி தெரிந்தவர்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். இம்பீரியாலேயின் 374 சி.சி. இன்ஜினும் காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர்; 21 குதிரைத்திறன்தான் எடுக்கிறார்கள். அவ்வளவு பெரிய இன்ஜினிலிருந்து அவ்வளவு குறைவான சக்தியை எடுக்கும்போது உள்பாகங்களுக்கு அழுத்தம் குறைவு. ஆயிலை ஒழுங்காக மாற்றி, டாப்பெட் (வால்வு) இடைவெளியைச் சரிபார்த்து ஓட்டினால் இன்ஜின் உங்களைக் கைவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.

பிறகு ஏன் தயங்குகிறேன்? எழுபது கிலோமீட்டர் அளவுக்குக் கடற்கரையும், தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உள்ள மாவட்டம் இது. கருங்கல்லில் இருந்து தேங்காப்பட்டணத்துக் கடல் தூரமில்லை. வண்டி பழகுவது உப்புக்காற்றிலும் ஈரத்திலும். இரண்டு வயதான ஒரு சீன வண்டியின் ஹெட்லைட் டூமைக் கழற்றிப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். உள்ளே வயர்கள் சேரும் கப்ளர்கள் இருக்கும். அவற்றின் ரப்பர் மூடி இறுக்கமாக உட்காராமல் இருந்தால் ஈரம் உள்ளே ஏறி, பித்தளைப் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சுரண்டினால் பொடியாக உதிரும். கார்புரேட்டர் காலத்தில் இதனால் அதிகபட்சம் ஹார்ன் அடிக்காது, இண்டிகேட்டர் மினுங்காது, அவ்வளவுதான். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 என்ற புகை விதி வந்து பெரும்பாலான வண்டிகள் எஃப்.ஐ., அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும் முறைக்கு மாறிய பிறகு, அதே களிம்பு ஒரு சென்சாரின் பின்னில் பிடித்தால் வண்டியே நின்றுவிடும். சீன வண்டிகள் பலவற்றில் எஃப்.ஐ. அமைப்பு டெல்ஃபி, பாஷ் போன்ற பெரிய நிறுவனங்களுடையதுதான். மூளை நல்லதாக இருந்தும் நரம்பு கெட்டுப்போன கதையாகிவிடுகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆடிச் சாரலில் திங்கள்சந்தைப் பக்கம் நின்றுபோன ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சீன வண்டி, எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. இன்ஜின் போய்விட்டது என்றே உரிமையாளர் முடிவுகட்டியிருந்தார். நியூட்ரலில் ஸ்டார்ட் ஆனது, சத்தமும் அழகாக இருந்தது. முதல் கியர் போட்டதும் அணைந்தது. மூன்று முறை அப்படியே. குனிந்து சைடு ஸ்டாண்டு சுவிட்சைப் பார்த்தேன். அதன் ரப்பர் உறை விரல் நகம் அளவுக்குக் கிழிந்திருந்தது. அமுக்கினால் தண்ணீர் கசிந்தது. ஸ்டாண்டு கீழே இறங்கியிருப்பதாக நினைத்துக்கொண்டு வண்டி தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. உலர்த்திச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து அன்று அனுப்பிவிட்டேன். புது சுவிட்சின் விலை சில நூறு ரூபாய்தான். அது வந்து சேர ஏழு வாரம் ஆனது. முதலில் திருவனந்தபுரத்தில் இல்லை என்றார்கள், பிறகு மதுரையில் கேட்கச் சொன்னார்கள், கடைசியில் கூரியரில் வந்த பொட்டலத்தில் வேறு மாடலின் சுவிட்ச் இருந்தது. அந்த ஏழு வாரத்தில் மூன்று முறை அவர் வண்டியைத் தள்ளினார். இன்ஜின் பழுது என்று ஒரு நாள்கூட இல்லை.

இந்த ஒரு வண்டியை வைத்து எல்லாவற்றையும் எடைபோடக் கூடாதுதான். ஆனாலும் உதிரிப்பாகம் என்ற ஒன்று எவ்வளவு பெரியது என்பதை வண்டி வாங்கும் நாளில் யாரும் நினைப்பதில்லை. ஸ்ப்ளெண்டருக்கு ஒரு கிளட்ச் பிளேட் வேண்டுமென்றால் நம் மாவட்டத்தில் எந்தச் சந்திப்பில் இறங்கினாலும் கிடைக்கும். அசல் வேண்டுமா, இரண்டாம் தரம் போதுமா என்று கடைக்காரரே கேட்பார். ஹைனஸ் அவ்வளவு பரவலான வண்டி அல்ல. ஆனாலும் பதிவு செய்தால் எப்போது வரும் என்று தேதி சொல்ல ஆள் இருக்கிறது. சீன வண்டிகளின் இந்திய விநியோகம் கைமாறிய வரலாறும் உண்டு. பெனெல்லிக்கே 2018-இல் பழைய இந்தியக் கூட்டாளி போய் ஹைதராபாத் குழுமம் வந்தது. அப்படி ஒவ்வொரு முறை கைமாறும்போதும் பழைய மாடல் வைத்திருப்பவர் வரிசையின் கடைசிக்குப் போகிறார். இன்னொரு தடையும் இருக்கிறது. இந்தியாவோடு நில எல்லை கொண்ட நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 2020 ஏப்ரலில் விதி வந்துவிட்டது. சீன நிறுவனம் தானாக இங்கே ஆலை கட்டி, பாகம் செய்து, கடைதோறும் கொண்டுபோய் வைக்கும் நாள் அருகில் தெரியவில்லை.

சீன வண்டியில் எல்லாப் பாகமும் தனி ஜாதி என்று பயப்படவும் வேண்டாம். பேரிங்கின் வளையத்தில் 6302 என்று பொறித்திருந்தால் அது சீனாவிலும் ஜப்பானிலும் கோட்டாற்றிலும் ஒன்றுதான்: உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 42 மி.மீ., அகலம் 13 மி.மீ. ஆயில் சீலிலும் அளவு அச்சிட்டிருக்கும். செயின், பிளக், பேட்டரி, டயர் எல்லாம் பொது அளவுகளே. அனுபவமுள்ள ஒர்க்‌ஷாப்காரர் கையில் சீன வண்டி ஓடிக்கொண்டே இருப்பதன் ரகசியம் இது. நான் செய்யும் முதல் வேலை, வீல் பேரிங்குகளைக் கழற்றி நல்ல நிறுவனத்தின் பேரிங் போடுவதும், ஹேண்டில் திரும்பும் இடத்துக் கோன் செட்டையும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் பிரித்துப் புது கிரீஸ் நிரப்புவதும்தான். புது வண்டியிலேயே அந்த இடங்களில் கிரீஸைக் கஞ்சத்தனமாகத் தடவியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். லேத் பட்டறையும் கேஸ்கெட் ஷீட்டும் இருக்கும் வரை பாதிப் பிரச்சினைக்கு வழி உண்டு. வழியே இல்லாதவை ஹேண்டில் சுவிட்ச், மீட்டர், பிரேக்கின் ஏ.பி.எஸ். யூனிட், இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யு., பக்கவாட்டுப் பேனல் ஆகியவை. அவற்றுக்குக் கப்பலைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஜப்பான் வண்டியைக் கோயிலில் வைத்துக் கும்பிடவும் நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்கும் இதே சிபி 350 வண்டிகளை, பின் பிரேக் விளக்கின் சுவிட்சிலும் வண்டி சாய்வை அறியும் சென்சாரிலும் குறை இருக்கலாம் என்று 2023 டிசம்பரில் ஹோண்டாவே திரும்ப அழைத்தது. 2020 அக்டோபர் முதல் 2023 ஜனவரி வரை தயாரானவை அந்த அழைப்பில் அடங்கும். வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். குறை வருவது இரண்டு பக்கமும் உண்டு. குறை வந்த பின் தேடி வந்து மாற்றிக் கொடுக்கும் அமைப்பு யாரிடம் இருக்கிறது என்பதற்காகத்தான் அந்த 50,000 ரூபாயின் ஒரு பகுதியைக் கொடுக்கிறோம். நீங்கள் ஹைனஸ் வாங்கினால் அந்த வேலை முடிந்ததா என்று வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து விசாரித்துவிடுங்கள்.

இனி காசுக் கணக்கு. 95,000-க்கும் 1,45,000-க்கும் உள்ள இடைவெளி நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. ஹைனஸ் 348 சி.சி.; இம்பீரியாலே 374 சி.சி. இந்த 26 சி.சி. வெறும் எண் அல்ல. மூன்றாம் நபர் காப்பீட்டில் 350 சி.சி. ஒரு எல்லைக்கோடு. 2022 ஜூனில் நிர்ணயித்த விகிதப்படி கோட்டுக்குக் கீழே ஆண்டுக்கு 1,366 ரூபாய், மேலே 2,804 ரூபாய். வரியோடு பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,700 ரூபாய் கூடுதல். ஐந்து ஆண்டில் 8,500. புது வண்டிக்கும் அதே கோடுதான்: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். பேரிங், கோன் செட், வயரிங் சீர்செய்தல், இரண்டு டயர் என்று முதல் ஆண்டில் 15,000 ரூபாயை இம்பீரியாலேக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். அப்புறம் நீங்கள் விற்கும் நாள். ஹைனஸை விற்க ஒரு வாரம் போதும் என்றால், இம்பீரியாலேக்கு அதை விரும்பும் ஒரு ஆள் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். அவரும் உங்களைப் போலவே பேரம் பேசுவார். இவற்றையெல்லாம் கழித்தால் 50,000-இல் கையில் நிற்பது 15,000 அல்லது 20,000 என்பது என் மதிப்பீடு. மைலேஜைப் பற்றி மண்டையை உடைக்க வேண்டாம். இம்பீரியாலே 205 கிலோ, ஹைனஸ் 181 கிலோ, அதற்கேற்ற சிறு வித்தியாசம் இருக்கும்.

இன்னொன்று சக்கரம். இம்பீரியாலேக்குக் கம்பிச் சக்கரம், உள்ளே டியூப். பார்க்க அழகு. ஆனால் உப்புக்காற்றில் ஸ்போக்ஸ் கம்பியின் அடியில் துரு பிடிக்கும். ஆணி ஏறினால் சக்கரத்தைக் கழற்றித்தான் பஞ்சர் ஒட்ட வேண்டும். ஹைனஸுக்கு அலாய் சக்கரம், டியூப்லெஸ் டயர். மார்த்தாண்டம் சாலையில் இரவு எட்டு மணிக்கு மழையில் பஞ்சரானவருக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒரே வண்டி, தினமும் போக வர 50 கிலோமீட்டர், கடலோர ஊர் என்ற உங்கள் நிலைமைக்கு ஹைனஸ்தான். 1,45,000 அதிகம் என்று தோன்றினால், 350 சி.சி. ஆசையைக் கொஞ்சம் தள்ளிவைத்து 150, 160 சி.சி.யில் நல்ல ஜப்பான் வண்டி ஒன்றை எடுங்கள். சீன வண்டிக்குப் போகாதீர்கள். இதே கேள்வியை வீட்டில் வேலைக்குப் போக ஸ்கூட்டர் வைத்திருக்கும் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை பேச்சிப்பாறைக்கும் முட்டத்துக்கும் ஓட்டுவதற்காகக் கேட்டிருந்தால், 80,000-க்கு இறங்கினால் இம்பீரியாலேயைத் தயங்காமல் வாங்குங்கள் என்றிருப்பேன். மெதுவாக, டப்டப் என்று போகும் இனிமையான வண்டி அது, ரசித்து ஓட்டியிருக்கிறேன்.

இவ்வளவு சொல்லியும் அதன் மேல்தான் மனம் என்றால், பார்க்கப் போகும்போது காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் போங்கள். வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு இடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன் செட் போய்விட்டது. ஸ்போக்ஸ் கம்பிகளை ஒரு ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. சாவி போட்டதும் எரியும் இன்ஜின் விளக்கு ஸ்டார்ட் ஆன பிறகு அணைகிறதா என்று பாருங்கள். சாவி போட்டபோதே எரியவில்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். பிறகு ஹெட்லைட்டைக் கழற்றிக் கப்ளர்களைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு ஸ்க்ரூ, ஐந்து நிமிட வேலை. விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், அவர் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு அங்கிருந்தே பஸ் ஏறிவிடுங்கள்.